சுவருக்கு அந்தப் பக்கம் கும்பகர்ணன்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேண்ட் அறையையும் சமையல் வகுப்பையும் ஒரே சுவரின் இரண்டு பக்கமாகக் கட்டிய மகானுபாவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். அவர் புண்ணியத்தில்தான் உத்தியோகம் முடிந்த பிறகும் எனக்குப் பொழுது போகிறது. பேண்ட் அறையில் இருந்தவர் கணவர். சமையல் வகுப்பில் இருந்தவர் அவருடைய மனைவி. நடுவில் ஒரு செங்கல் கனத்துக்குச் சுவர். அங்கிருந்து இங்கே வெண்ணெயில் வதங்கும் பூண்டின் வாசனை வரும். இங்கிருந்து அங்கே ட்ராம்போன் போகும். இந்தப் பண்டமாற்றில் யாருக்கு நஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நகரத்துப் பேருந்துகள் களைத்துப்போய்த் திரும்புகிற இடத்தில் இருக்கிறது பள்ளி. எங்கெல்லாம் சண்டை நடந்ததோ, எங்கெல்லாம் மழை பொய்த்ததோ, எங்கெல்லாம் சம்பளம் போதவில்லையோ அங்கிருந்தெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். காலையில் வருகைப் பதிவு எடுக்கிற வாத்தியாருக்குப் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஒருவன் தும்மினால் பதினெட்டு மொழியில் வாழ்த்து வரும். படிப்பு ஏறாத பிள்ளை என்று யாரும் இல்லை, எது ஏறும் என்று நாம்தான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது தலைமையாசிரியை மேடத்தின் கட்சி. அதனால் கணக்கு, அறிவியல் போக, கார் பழுது பார்க்க ஒரு பிரிவு, முடி திருத்த ஒரு பிரிவு, நாடகத்துக்கு ஒன்று, புதிதாக வந்து இறங்கிய பிள்ளைகளுக்கு மொழி சொல்லித்தர ஒன்று, பேண்ட், சமையல் என்று அடுக்கிக்கொண்டே போனார். இத்தனையையும் ஒரு வாரத்துக்குள் மடக்கித் திணித்து அட்டவணை போடுவது என் வேலை. அதனால் நான் ‘அட்டவணை சார்’. ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. பேண்ட் மாஸ்டர் குடும்பம் மாடியில், நாங்கள் கீழே. பள்ளிச் சுவரை விட எங்கள் வீட்டுக் கூரை இன்னும் மெல்லிசு. மாடியில் அவர் மூக்கைச் சிந்தினால் கீழே என் காபி ஆடும்.

பேண்ட் மாஸ்டருக்கு ஒரு காது இருந்தது. இரண்டு இருந்தன, ஆனால் எல்லோரும் அதை ‘அவர் காது’ என்று ஒருமையில்தான் சொல்வார்கள், கோயில் மணி மாதிரி. மற்ற பள்ளிகளில் பேண்டுக்குச் சுருதி சேர்க்க முள் ஆடுகிற சின்னக் கருவி வைத்திருப்பார்கள். இவர் அதை அறைக்குள் நுழைய விட்டதில்லை. வலது கையைத் தூக்குவார். கண்ணை மூடுவார். முகத்தில் ஒரு களை வரும், தூங்குகிற குழந்தைக்கு வருமே, அது. பிறகு வாயை மூடியபடியே ‘ம்ம்ம்’ என்பார். அந்த ‘ம்’மைப் பிடித்துக்கொண்டு கிளாரினெட், ட்ரம்பெட், ட்யூபா எல்லாம் ஒன்றாகச் சேரும். ஒருமுறை மேலிடத்திலிருந்து வந்த பரிசோதகர் நம்பாமல் தன் பையிலிருந்து முள் கருவியை எடுத்து வைத்தார். முள் நட்ட நடுவில் ஆணி அடித்த மாதிரி நின்றது. பரிசோதகர் கருவியைத் தட்டிப் பார்த்தார், கெட்டுப்போய்விட்டதோ என்று.

சில நாள் கையைத் தூக்கியபின் லேசில் ஆரம்பிக்க மாட்டார். கண்ணை மூடி நின்றுகொண்டே இருப்பார். “பொறுங்க. சுருதி இறங்கி வரணும்” என்பார். நாற்பது பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். கொஞ்ச நேரத்தில் முகத்தில் அந்தக் களை வரும், ‘ம்ம்ம்’. மகானைத் தரிசித்த மாதிரி பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அங்கே பியானோவைத் தட்டிச் சுருதி கொடுத்துவிடுவார்கள் என்பதில் அவருக்கு ஏக வருத்தம்.

இனி சுவருக்கு அந்தப் பக்கம். சமையல் டீச்சர் வந்தபோது ஒரு அடுப்பும் ஓட்டை விழுந்த வாணலியும்தான் இருந்தன. அந்த அம்மாள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் ஒரு வெங்காயத்தை நறுக்குகிற வேகத்தைப் பார்த்தால் யாரும் அவரிடம் கோபப்பட மாட்டார்கள். நான் ஓய்வு பெறுவதற்குள் எட்டு அடுப்பு, இரண்டு பெரிய ஓவன், எஃகு மேசைகள், அப்புறம் கும்பகர்ணன். மூடிப்போன ஒரு ஓட்டலிலிருந்து கிடைத்த ஃபிரிட்ஜ் அது. லிஃப்ட் உயரம், லாரி அகலம். சுவரை ஒட்டி வைத்திருந்தார்கள். பள்ளியில் பிளம்பிங், மின்சாரம், பூட்டு, சாவி எல்லாம் பார்க்கிற பராமரிப்புக்காரர் டீச்சருக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவர்தான் பெயர் வைத்தார். “சாப்பாட்ட உள்ள வாங்கிட்டுக் குறட்டை விடுது பாரு, கும்பகர்ணனேதான்.” பிள்ளைகள் பால் எடுக்க, முட்டை எடுக்க, சும்மா முகத்தில் குளிர்காற்று வாங்க என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறப்பார்கள். உள்ளே சூடேறும். மோட்டார் ஓய்வில்லாமல் உறுமிக்கொண்டே இருக்கும்.

டீச்சரிடம் படித்த பிள்ளைகளை ஓட்டல்காரர்கள் வாசலில் நின்று அள்ளிக்கொண்டு போனார்கள். பழைய மாணவன் ஒருவன் சொந்தமாகக் கடை திறந்து ஒரு சூப்புக்கு ‘டீச்சர் சூப்’ என்று பெயர் வைத்தான். அன்று மாஸ்டர் வீட்டில் சாப்பிடவில்லை.

“சூப்புக்குப் பேர் வைக்கிறான். என்கிட்டப் படிச்சவன் ஒருத்தனாவது ஒரு ட்ரம்பெட்டுக்கு என் பேர வச்சானா?” என்று என்னிடம் கேட்டார்.

“ட்ரம்பெட்ட யாரும் குடிக்க மாட்டாங்களே மாஸ்டர்.”

“சிரிங்க சார். நீங்களும் வெள்ளிக்கிழமையானா அவ வகுப்புல போயி மூக்குப் பிடிக்கத் தின்னுட்டு வர்ற ஆளுதானே.”

அது உண்மை. வெள்ளிக்கிழமை ஆசிரியர்களுக்கு அந்த வகுப்புப் பிள்ளைகள் பரிமாறுவார்கள். மாஸ்டர் மட்டும் வர மாட்டார். தன் அறையில் தனியாக உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாவைத் திறப்பார். அந்த டப்பாவும் அதே அம்மாள் கட்டிக் கொடுத்ததுதான் என்பது வேறு விஷயம்.

கடைத்தெருவில் இரண்டு பேரும் சேர்ந்து போவதைப் பார்க்க வேண்டும். டீச்சருக்குத்தான் வணக்கம் வரும், பழக்கடையிலிருந்து, சலூனிலிருந்து, ஓடுகிற பேருந்தின் ஜன்னலிலிருந்து. அதனால் மாஸ்டர் நாலு அடி முன்னால் நடப்பார். வருகிற வணக்கம் முதலில் தன்மேல் விழட்டும் என்று. விழும். அவரைத் தாண்டிப் போய் விழும்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம்தான் வினை வந்தது. மேடம் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னாராம்: வருகிற ‘திறந்த மாலை’ என்கிற சாயங்காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தன் அறையைத் திறந்து வைத்து வேலையைக் காட்ட வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளும் பார்த்துவிட்டுப் பிரிவைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆள் சேராத பிரிவு அடுத்த வருடம் பாடமாக இருக்காது. பள்ளி விட்டபின் நடக்கிற பொழுதுபோக்காகிவிடும். இதைச் சொல்லும்போது மேடம் யாரையும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் பேண்ட் மாஸ்டரைப் பார்த்தார்கள்.

ஏனென்றால் பேண்ட் கரைந்துகொண்டிருந்தது. இரண்டு ட்ராம்போன்கள் மாவு பிசையப் போய்விட்டன. நல்லதொரு புல்லாங்குழல் கேக்குக்கு க்ரீம் பூசிக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த ட்ரம்பெட்காரர்களுக்கும் பத்து மணிக்கு வெங்காயம் வதங்கத் தொடங்கினால் வாயில் ஊறும். எச்சில் குழலுக்குள் போகும். கவிழ்த்தால் ஒரு தம்ளர் வடியும். நான் கூட்டிச் சொல்லவில்லை. அரைத் தம்ளராவது இருக்கும்.

அந்த வாரத்தில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு எங்களை மாடிக்கு அழைத்திருந்தார்கள். மாஸ்டரின் மகளும் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் பேண்டில் முதல் கிளாரினெட் அவள்தான். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்பா, அடுத்த வருஷம் பேண்டும் சமையலும் ஒரே நேரத்துல வருது. ஒண்ணுதான் எடுக்க முடியும்.”

“சரி. அதான் எடுத்தாச்சே.”

“நான் சமையல் எடுக்கப் போறேன்ப்பா.”

மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். “யாரு சார் இந்த அட்டவணையப் போட்டது?”

“நான் ரிட்டயர் ஆயிட்டேன்” என்று அவசரமாகச் சொன்னேன்.

“என் வகுப்புல இருந்த எல்லாத்தையும் தின்னாச்சு. இப்போ வீட்டுக்குள்ளயும் கை வச்சாச்சு” என்றார் மனைவியைப் பார்த்து.

“நான் ஒரு வார்த்த சொல்லல. அவளக் கேளுங்க” என்றார் டீச்சர்.

“நீ சொல்ல வேண்டாம். உன் அடுப்பு சொல்லுதே. ஊருல இருக்கற பிள்ளைங்கள எல்லாம் வாசன காட்டிப் பிடிக்கிற. நான் காத்த வச்சுப் பிழைக்கிறவன். காத்துல என்னத்த மணக்க வைக்க முடியும்?”

“பிடிச்சா பிடிச்சதப் படிக்குது. அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?”

“பேசாதே. உன் சூப்பு மட்டும் போதும் இந்த ஊருக்கு.”

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்று கேட்டார் அந்த அம்மாள். சத்தியமாகக் குத்தலில்லாமல்தான் கேட்டார். அதுதான் மாஸ்டரால் தாங்க முடியவில்லை. தட்டோடு எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். தட்டை மட்டும் விடவில்லை. சூப்பு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நேராக மேடத்தின் அறைக்குப் போனார். சமையலை ஒழிக்கச் சொல்ல முடியாது. மேடமே வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்காரர். அதனால் கும்பகர்ணனைப் பிடித்தார். அந்த உறுமல் வருடக்கணக்காகத் தன் காதுக்குள் ஈ மாதிரி உட்கார்ந்திருக்கிறது, பிள்ளைகளின் காதைக் கெடுக்கிறது, இசை நடக்கிற சுவரில் மோட்டாரைச் சாய்த்து வைப்பது உலகத்தில் எங்கும் இல்லாத அநியாயம் என்று ஒரு மணி நேரம் பேசினாராம். மேடம் தலைவலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஃபிரிட்ஜைத் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், சைக்கிள் நிறுத்துகிற கொட்டகைப் பக்கம் மாற்றச் சொல்லிவிட்டார்.

டீச்சர் சண்டை போடுவார் என்று பள்ளியே காத்திருந்தது. அவர் ஏப்ரனைக் கழற்றி மடித்துவிட்டு, “எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க” என்றார். அவ்வளவுதான்.

கும்பகர்ணன் போன ஊர்வலத்தைப் பார்ப்பதற்கென்றே நான் பள்ளிக்குப் போனேன். இரும்பு உருளைகளை அடியில் கொடுத்து, கார் பழுது பிரிவுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துத் தள்ளினார் அண்ணன்காரர்.

“மாப்ள, இது போற வழியில என் முதுகும் போவுது. நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?”

“தள்ளுங்க மச்சான். இன்னிக்குத்தான் என் காதுக்கு விடுதலை.”

“அதுக்கு விடுதலை, என் தங்கச்சி காலுக்கு ஆயுள் தண்டனை. ஒரு முட்டைக்கு இம்புட்டு தூரம் நடக்கணும்.”

“நடக்கட்டும். உடம்புக்கு நல்லது.”

ஜன்னல்கள் அத்தனையிலும் தலைகள். டீச்சர் மட்டும் வெளியே வரவில்லை. உள்ளே வெங்காயம் நறுக்கும் சத்தம் கேட்டது. வழக்கத்தை விட வேகமாக.

அன்று மாலை மாஸ்டர் படி ஏறும்போது விசிலடித்தார். “சார், அந்த அறையில அப்பிடி ஒரு அமைதி. ஊசி விழுந்தா எந்தச் சுருதியில விழுதுன்னு சொல்லலாம்.”

விசில் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. கையைத் தூக்கினார், கண்ணை மூடினார், ‘ம்ம்ம்’ என்றார். பேண்ட் அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் பாட்டுக்குள் மணிப்பலகை வந்ததும் கண்ணாடியை மென்ற மாதிரி இருந்தது. இரும்புப் பட்டைகளை வரிசையாக அடுக்கிச் சுத்தியால் தட்டுகிற வாத்தியம் அது. அதன் சுருதியை யாரும் ஏற்றி இறக்க முடியாது. மறுநாள் இன்னொரு ‘ம்ம்ம்’ வந்தது; அதற்கு மறுநாள் வேறொன்று. திங்கட்கிழமை பேண்ட் மாடியில் நின்றது, செவ்வாய்க்கிழமை கிணற்றில் கிடந்தது. மாஸ்டர் கிளாரினெட்டின் நாக்குக் குச்சியைக் குறை சொன்னார், மழைக்காற்றைக் குறை சொன்னார், ட்யூபாக்காரனின் தூக்கத்தைக் குறை சொன்னார்.

“அப்பா, மணிப்பலகையத் தட்டிச் சுருதி எடுத்துக்கலாமே” என்றாளாம் மகள், வகுப்பில் எல்லோர் முன்னாலும்.

“ஒரு இரும்பக் கேட்டு நான் பாடணுமா? உனக்குத்தான் சமையல் இருக்கே. போ, போய் உருளைக்கிழங்கு உரி.”

அவள் அழவில்லை, அம்மாவின் மகள். கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டுப் பக்கத்து வகுப்புக்குப் போனாள். “அம்மா, ஏதாவது வேலை குடு.” அம்மா வெண்ணெய் எடுத்து வரச் சொல்லி அனுப்பினார். தாழ்வாரத்துக் கோடிக்குப் போய்க் கும்பகர்ணனின் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வெண்ணெயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். உறுமலைக் கேட்டாள். அதிலிருந்து சின்னதாக ஒரு படி ஏறி ‘ம்ம்ம்’ என்றாள். அப்பாவின் பழைய ‘ம்ம்ம்’. அதே இடம், அதே களை.

வெண்ணெய் உருகித் தாவணி வைத்துத் துடைக்கிற நிலைக்கு வந்திருக்கும் என்று எழுத எனக்கு ஆசைதான்; அவள் போட்டிருந்தது பள்ளிச் சீருடை. அதைக் கெடுத்துக்கொண்டு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னாள்.

டீச்சர் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரியின் எதிரில் உட்கார்ந்தார். சொல்ல ஆரம்பித்தவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தார், சிரித்தார், பட்டாணி தரையெல்லாம் ஓடியது. கடைசியில் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தெரியாதுக்கா. அவர் கண்ண மூடி அந்த ‘ம்’ சொல்றப்போ வர்ற மூஞ்சி இருக்கே, எத்தனையோ வருஷமா எனக்கு அதுமேல பொறாமை. நான் எதச் சமைச்சுப் போட்டாலும் அந்த மூஞ்சி வராது. ‘நல்லாருக்கு’ம்பார். கண்ணு திறந்தேதான் இருக்கும். என்னைவிட அழகா எவளோ ஒருத்தி அந்த அறைக்குள்ள இருக்கான்னு நெனச்சுக்குவேன். இப்போ பாத்தா, என் ஃபிரிட்ஜக் கேட்டுட்டு நின்னுருக்காரு.”

“போயி மூஞ்சிக்கு நேரா சொல்லு. நல்லா வேணும்” என்றாள் என் வீட்டுக்காரி.

“சொன்னா அவருகிட்ட என்னக்கா மிஞ்சும்?”

என் வீட்டுக்காரி குனிந்து தரையில் ஓடிய பட்டாணியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

டீச்சர் சொல்லாமலே காரியத்தை முடிக்கப் பார்த்தார். பால் திரிகிறது, வெண்ணெய் உருகுகிறது, ஃபிரிட்ஜைப் பழைய இடத்துக்கே கொண்டுவரட்டுமா என்று கணவரிடம் கேட்டார். கேட்டது மாடியில், கேட்டுக்கொண்டிருந்தது நான்.

“பாத்தியா, பாத்தியா. திறந்த மாலை வருதுன்னதும் மெதுவா என் சுவர்ல மோட்டாரச் சாய்க்கப் பாக்கற. என் பேண்ட் நாசமாகணும், அப்பதான் உனக்கு நிம்மதி.”

“உங்க பேண்டுக்காகத்தாங்க கேக்கறேன்.”

“என் பேண்டப் பத்தி உனக்கென்ன தெரியும்? உனக்கு உப்புத் தெரியும், உறைப்புத் தெரியும்.”

அதற்கப்புறம் மாடியில் வெங்காயம் நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மெல்லிசுக் கூரைக்குக் கீழே இருப்பவனுக்குச் சண்டையை விட அது பயம்.

திறந்த மாலை வந்தது. தெருவே பள்ளிக்குள் புகுந்துவிட்டது. கார் பழுது பிரிவில் ஒரு எஞ்சினைப் பிரித்துப் பந்தி வைத்த மாதிரி பரப்பியிருந்தார்கள். முடி திருத்துகிற பிரிவில் மேடமே தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பேண்ட் அறை வாசலுக்கு நான் போனபோது அங்கே ஒரு ரகளை. அண்ணன்காரர் கும்பகர்ணனைத் திரும்பத் தள்ளிக்கொண்டுவந்து, பேண்ட் அறையின் கதவுக்கு நேர் எதிரே தாழ்வாரத்தில் நிறுத்தி, பிளக்கைச் சொருகிக்கொண்டிருந்தார்.

“என்ன மச்சான் இது?”

“ஜூஸ் கடை மாப்ள. வர்றவங்களுக்குக் குளுகுளுன்னு ஏதாவது குடுக்கணும்ல. தங்கச்சி சொல்லிச்சு.”

“என் வாசல்லயா? என் கூட்டத்த இழுக்கறதுக்கு என் வாசல்லயே கடையா?”

“உங்க வாசல்லதான் பிளக் பாயிண்ட் இருக்கு” என்றார் அண்ணன்காரர், முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லாமல். தாழ்வாரம் முழுக்கப் பிளக் பாயிண்ட் இருந்தது எனக்குத் தெரியும்.

மாஸ்டருக்குக் கத்த நேரமில்லை. அறைக்குள் கூட்டம் நிரம்பிவிட்டது. பெற்றோர்கள் சுவரோரமாக நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் ட்ரம்முக்கு அடியில் உட்கார்ந்தார்கள். அவர் காதைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்தவர்கள்தான் பாதிப் பேர். பிள்ளைகள் வாத்தியங்களை எடுத்தார்கள். முதல் கிளாரினெட் நாற்காலியில் மகள். மேசைமேல் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாஸ்டர் வலது கையைத் தூக்கினார். கண்ணை மூடினார்.

அந்த நேரம் பார்த்துக் கும்பகர்ணன் நின்றது. ஜூஸெல்லாம் கோடியில் இருந்தபோதே சில்லிட்டாயிற்று, கதவைத் திறக்கவும் ஆளில்லை, எல்லோரும் பேண்டைப் பார்க்க உள்ளே வந்துவிட்டார்கள். கடகடவென்று ஒரு உதறல், அப்புறம் மௌனம். நான் வாசலில் நின்றதால் எனக்கு நன்றாகக் கேட்டது.

மாஸ்டர் நின்றார். “பொறுங்க” என்றார். “சுருதி இறங்கி வரணும்.”

வரவில்லை. ஒருவர் இருமினார். ஒரு குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. தூக்கிய கையின் விரல்கள் காற்றில் எதையோ தேடின. வாரக்கணக்காக உறுமல் இல்லாமல் அந்தக் கை எப்படித் தவித்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்தேன். மகள் கிளாரினெட்டை மடியில் இறக்கிவிட்டு வாசலைப் பார்த்தாள்.

வாசலில் டீச்சர் நின்றிருந்தார், கையில் தம்ளர்கள் அடுக்கிய தட்டோடு. தட்டைத் தரையில் வைத்தார். கும்பகர்ணனின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தார். அதுவும் போதாதென்று ஏப்ரனைக் கழற்றி, உள்ளேயிருந்த குளிரை வெளியே விசிற ஆரம்பித்தார். எட்டு அடுப்புக்கு நடுவில் வேர்க்காத அந்த அம்மாளுக்கு ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்று வேர்த்தது. நான் என் தொப்பியை எடுத்து நானும் விசிறினேன். அண்ணன்காரர் பக்கவாட்டில் ஒரு உதை விட்டார்.

உறுமியது. அய்யா, என்ன ஒரு உறுமல். ஆயிரம் பேர் கச்சேரி கேட்டிருக்கிறேன், அப்படி ஒரு இனிமையை நான் கண்டதில்லை.

மாஸ்டர் முகத்தில் களை வந்தது. “ம்ம்ம்.”

கிளாரினெட் அதைப் பிடித்தது, ட்ரம்பெட் பிடித்தது, ட்யூபா அடியில் வந்து படுத்தது, யாரும் கேட்காமலே மணிப்பலகைக்காரி ஒரு பட்டையைத் தட்டினாள். நூல் பிடித்த மாதிரி ஒன்றாக நின்றது. சுவரோரமாக நின்றவர்கள் ‘ஆ’ என்றார்கள். மாஸ்டர் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தார்.

திறந்த கண்ணுக்கு நேரே வாசல். வாசலில் திறந்த கதவுகளுக்கு நடுவில், முடி கலைந்து, ஏப்ரனைக் கையில் பிடித்தபடி அவர் மனைவி.

அந்தக் காது நல்ல காதுதான். மூளையும் பரவாயில்லை. அவர் ஃபிரிட்ஜைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மகள் தலையைக் குனிந்துகொண்டு கிளாரினெட்டை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் தூக்கிய கை இறங்கியாக வேண்டும், இறக்கினார். பேண்ட் வாசித்தது. அப்படி வாசித்தது, கூரையில் இரண்டு ஓடு நகர்ந்துவிட்டது என்று நான் இன்றைக்கும் சொல்லி வருகிறேன்.

அன்று இரவு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு நான் காத்திருந்தேன். கடைசியில் பால்கனியிலிருந்து மாஸ்டரின் குரல் வந்தது, மிகவும் சின்னதாக.

“அப்போ எனக்குக் காதே இல்ல. அப்பிடித்தானே?”

“அந்தச் சனியன் எல்லார் காதுலயுந்தான் கத்திச்சு. நான் பக்கத்துலயே நின்னேன், நாள் முழுக்க. எனக்கு என்ன கேட்டுச்சு? குறட்டைதான் கேட்டுச்சு. அதுலேர்ந்து இம்மி பிசகாம ஒரு படி ஏறி நிக்கறதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?”

அவர் யோசிப்பது கூரை வழியாகவே எனக்குக் கேட்டது.

“அப்போ எனக்கு வந்த பேர்ல பாதி உனக்கா?”

“முக்கால்.”

“அது என்ன கணக்கு?”

“கரண்டு, மோட்டாரு, கதவு, எல்லாம் என்னுது. ‘ம்’ மட்டும் உங்களுது.”

“உன் சூப்புல எனக்குப் பங்கு உண்டா?”

“குடிக்கறீங்கல்ல” என்றார் டீச்சர்.

பேண்ட் பிழைத்தது, பாடமாகவே. ட்ரம்முக்கு அடியில் உட்கார்ந்திருந்த வாண்டுகள் அத்தனையும் சேர்ந்துவிட்டன. ஃபிரிட்ஜைப் பழைய சுவருக்கே கொண்டுவரும்படி மாஸ்டரே மேடத்திடம் போய்க் கேட்டார். பாவம், பால் திரிகிறது என்றார். டீச்சரோ, வேண்டாம், கோடியில் இருப்பதே நல்லது, நடப்பது உடம்புக்கு நல்லது என்றார். ஒரு வாரம் கெஞ்ச விட்டுத்தான் சம்மதித்தார். அண்ணன்காரர் அந்த வாரம் முழுக்க முதுகைத் தேய்த்துக்கொண்டு சிரித்தார்.

மகள் சமையலுக்கே போனாள். “போ” என்றாராம் மாஸ்டர். “நல்லாப் படி. ஆனா ஒண்ணு. நான் சுவத்துல ரெண்டு தட்டு தட்டினா, எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு அந்தக் கதவத் திறக்கணும்.”

எப்போதாவது தபால் போடுகிற சாக்கில் நான் பள்ளிப் பக்கம் போவதுண்டு. புதிய பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும். மாஸ்டர் கையைத் தூக்குவார், கண்ணை மூடுவார். “பொறுங்க” என்பார். பிறகு இடது கையால் சுவரில் இரண்டு தட்டு. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்க்கும். போன வாரம் அப்படித் தட்டிவிட்டு நின்றார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உறுமலுக்குப் பதில் டீச்சரின் குரல்தான் வந்தது.

“இருங்க. கேக் இறங்கட்டும்.”

கையைத் தூக்கியபடியே நின்றார் மாஸ்டர்.